தாமதம் யாருடையது?

முதல் தகவல் அறிக்கைப் படிவத்தைக் கையில் வைத்து நிதானமாக வாசித்திருக்கிறீர்களா? நான் பலமுறை வாசித்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. செந்துறைக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டு ஊர் ஒன்றில் பிறந்தவள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்பதால் ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். அப்படித் தொடங்கிய பழக்கம். கவிதையை, கதையைப் பெண்ணியப் பார்வையில் வாசிக்க நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு காவல் நிலையப் படிவத்தை அப்படி வாசிக்க யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலான பெண்களின் வாழ்க்கையைக் கவிதையைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை படிவங்கள்தான்.

அந்தப் படிவத்தில் மூன்றாவது கட்டம் சம்பவம் நடந்த நாளையும் நேரத்தையும், தகவல் காவல் நிலையத்துக்கு வந்த நாளையும் நேரத்தையும் கேட்கிறது. எட்டாவது கட்டம் புகார் கொடுத்தவர் தாமதமாக வந்ததற்குக் காரணம் கேட்கிறது. பதினைந்தாவது கட்டத்தில் அறிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட நாளும் நேரமும் வர வேண்டும். பதினைந்து கட்டங்களையும் மேலிருந்து கீழாகத் தேடிப் பாருங்கள். புகாரைக் கேட்ட பிறகும் பதிவு செய்யாமல் வைத்திருந்ததற்குக் காவல்துறையிடம் காரணம் கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. தாமதம் என்றால் அது புகார் கொடுப்பவருடையதாகத்தான் இருக்கும் என்பது இந்தப் படிவத்தின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதற்குச் செந்துறை வட்டாரமே சாட்சி.

2016 டிசம்பர் 29 அன்று செந்துறை அருகே ஒரு கிராமத்தில் பதினெட்டு வயது நிரம்பாத தலித் சிறுமி ஒருத்தி காணாமல் போனாள். கட்டட வேலைக்குப் போய்க் குடும்பத்துக்கு உதவிக்கொண்டிருந்தவள். 2017 ஜனவரி 14, பொங்கல் நாளன்று, அவள் உடல் ஒரு கிணற்றில் கண்டெடுக்கப்பட்டது. இடையில் பதினாறு நாட்கள். குடும்பம் முறையிட்டும் காவல்துறை உரிய நேரத்தில் அசையவில்லை, இன்னாரைச் சந்தேகிக்கிறோம் என்று சொல்லியும் வெறும் காணாமல் போன வழக்காகவே அதைக் கையாண்டது என்று மகளிர் அமைப்புகளும் தலித் அமைப்புகளும் அப்போது குற்றம் சாட்டின. அந்த வாரம்தான் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் திரண்டது. நாடே சென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் பக்கத்துப் பெண்கள் அரியலூர் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பெயரை நான் எழுதவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர் இறந்துவிட்டாலும் அவரது அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஊர்ப் பெயரையும் விட்டுவிடுகிறேன். அந்தப் பதினாறு நாட்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஏனென்றால் நம் பெண்களுக்குக் கிடைக்க வேண்டிய நீதி பெரும்பாலும் நீதிமன்றத்தில் தொலைவதில்லை. அதற்கு வெகு முன்பே, இப்படியான முதல் சில நாட்களில் தொலைந்துவிடுகிறது.

அந்த நாட்களில் சட்டம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது? 2013 மே 10 அன்று பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாக வேண்டும். கடத்தல் நடந்திருக்கலாம் என்ற அனுமானத்துடன்தான் விசாரணையைத் தொடங்க வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் பதிவு செய்வது கட்டாயம் என்றது. பெண்களுக்கு எதிரான குறிப்பிட்ட குற்றங்களில் புகாரைப் பதிவு செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்று 166ஏ பிரிவும் அதே 2013இல்தான் வந்தது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 199ஆவது பிரிவு. ஆக, அந்த டிசம்பரில் சட்டம் இல்லாமலில்லை. சட்டத்துக்கும் அந்தத் தாய்க்கும் இடையில் ஒரு மேசை இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம், இப்படிப் புகார் வரும்போதெல்லாம் காலங்காலமாகச் சொல்லப்படும் ஒரு சொல் இருக்கிறது: “ஓடிப்போயிருப்பா.”

அந்தச் சொல் செய்யும் வேலையைக் கவனியுங்கள். குற்றத்துக்கு ஆளானவளாக இருக்கக்கூடிய ஒருத்தியை அது ஒரே நொடியில் குற்றம் செய்தவளாக மாற்றுகிறது. பிறகு அவளைத் தேட அவசரமில்லை. அவளாகப் போனாள், அவளாக வருவாள். பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பு, காலக்கெடுவை நிறுத்திவைக்கும் ஆணையாக வேலை செய்கிறது. தலித் பெண் என்றால் அந்தத் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் எழுதப்படுகிறது.

சட்டம் ஏன் மணிக்கணக்குப் பார்க்கிறது என்று மாணவிகள் கேட்பதுண்டு. வன்புணர்வுக்கு ஆளானவரைத் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டம். உடலில் இருக்கும் உயிரியல் தடயம் மூன்று நான்கு நாட்களைத் தாண்டினால் கிடைப்பது அரிது என்பதுதான் காரணம். தண்ணீரில் கிடந்த உடல் ஒவ்வொரு நாளும் தன் சாட்சியை இழக்கிறது. கைபேசி அழைப்பு விவரம், கடைவாசல் கேமராப் பதிவு, சாலையில் பார்த்தவரின் நினைவு, கழுவப்படாத வாகனம் என்று எல்லாமே காலத்தோடு அழிபவை. முதல் தகவல் அறிக்கையை உடனே குற்றவியல் நடுவருக்கு அனுப்பச் சொல்வதற்கும் காரணம் உண்டு: இடையில் யாரும் அதைத் திருத்தி எழுதிவிடக் கூடாது. காவல் நிலையத்துக்கு வெளியே இன்னொரு கண் அன்றே அதைப் பார்த்துவிட வேண்டும். இதையெல்லாம் வெறும் சடங்கு என்பவர்கள், சடங்கு தவறியதால் வழக்கே போன குடும்பத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நிதாரியை நினைத்துக்கொள்ளுங்கள். தில்லிக்கு அருகே நொய்டாவில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள், பெரும்பாலும் சிறுமிகள், ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பெற்றோர் புகார் கொடுத்தபடி இருந்தார்கள். 2006 டிசம்பர் 29 அன்று ஒரு வீட்டுக்குப் பின்னாலிருந்த சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. எங்கள் செந்துறைச் சிறுமி காணாமல் போனதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய அதே தேதி. அந்த வழக்கில் மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன, தொலைக்காட்சிகள் கொண்டாடின. பிறகு 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணை நடந்த விதத்தைக் கடுமையாகக் கண்டித்து, மேல்முறையீட்டுக்கு வந்த வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2025இல் உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதிசெய்தது. முதலில் புகாரை எடுக்காத அலட்சியம், பிறகு சாட்சியத்தை முறைப்படி திரட்டாத அலட்சியம். முடிவில் அத்தனை பிள்ளைகளின் சாவுக்கும் யார் பொறுப்பு என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. அந்தத் தாய்மாருக்கு நடைமுறை என்பது வெறும் காகிதமா, நீங்களே சொல்லுங்கள்.

எட்டாவது கட்டத்துக்குத் திரும்புகிறேன். அதை ஒரு நீதிமன்ற அறையில் நேரில் பார்த்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மா மகளை அவள் கணவன் அடித்துக் கையை முறித்தான். அக்காவோடு காவல் நிலையத்துக்கு நானும் போனேன். முதல் நாள், “குடும்ப விஷயம், பேசிப் பாருங்கம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். ஒரு மனு ரசீது கொடுத்தார்கள். நம் ஊரில் சி.எஸ்.ஆர். என்பார்கள். அக்கா அதைத்தான் வழக்கு என்று நம்பி, மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது முறை, எழுத்தர் இல்லை. நான்காவது முறை, சம்பவம் நடந்து பதினோராவது நாள், முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டது. தகவல் வந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதியே இருந்தது. முதல் மூன்று நடையும் அந்தக் காகிதத்தில் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி: “பதினோரு நாள் கழிச்சுத்தானே புகார் கொடுத்தீங்க? அதுக்குள்ள யார்கூட உக்காந்து இந்தக் கதையைத் தயார் பண்ணீங்க?” அக்கா விக்கித்து நின்றாள். காவல் நிலையத்தின் தாமதம் அவளுடைய பொய்யாகிவிட்டது. பிறகு அவள்தான் மஞ்சள் பையைக் காட்டி, “என்கிட்ட சீட்டு இருக்குங்கய்யா” என்றாள். நீதிபதி வாங்கிப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொண்டார். ஒரு துண்டுச் சீட்டு ஒன்பது நாட்களை மீட்டுத் தந்தது. முதல் நாள் போனதற்குச் சீட்டு இல்லை. அது போனது போனதுதான். அந்த வழக்கு கடைசியில் உறவினர்களின் நெருக்கடியில் சமாதானமாக முடிந்தது. வெற்றிக் கதையாக இதைச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அன்று அவள் பொய்க்காரி இல்லை என்று அந்த அறையில் நிலைநாட்டியது ஒரு தேதி.

பெண் தாமதமாகப் பேசுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவமானம், பயம், குடும்ப மானம், போக்கிடமின்மை. 1996இல் குர்மீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டு, பாலியல் வழக்குகளில் புகார் தாமதமானதை மட்டும் வைத்துச் சந்தேகப்படக் கூடாது என்றது. பெண்ணியம் வாதாடிப் பெற்ற புரிதல் இது. ஆனால் காரணம் சொல்லவே முடியாத இன்னொரு தாமதம் இருக்கிறது. அது மேசைக்கு அந்தப் பக்கத் தாமதம். அதைக் கேட்கும் சட்டமும் ஒன்று உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அரசு ஊழியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. வாய்மொழித் தகவலை எழுதி, கையெழுத்து வாங்கும் முன் படித்துக்காட்ட வேண்டும். வழக்குப் பதிய வேண்டும். நகல் தர வேண்டும். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் அதற்கான காரணத்தை எழுத்தில் விளக்க வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

எனக்குத் தெரிந்து, தாமதத்துக்கான காரணத்தைக் காவல்துறையிடம் எழுத்தில் கேட்கும் அரிய வரிகளில் அது ஒன்று. தலித் மக்களின் போராட்டம் சட்டத்துக்குள் எழுதிவைத்த வரி. ஆனால் அதே பிரிவில் ஒரு பூட்டும் இருக்கிறது: துறை சார்ந்த விசாரணை பரிந்துரைத்தால்தான் அந்த ஊழியர் மீது இந்தக் குற்றச்சாட்டைப் பதிய முடியும். பூட்டைத் தந்துவிட்டுச் சாவியைத் துறையே வைத்துக்கொண்டது.

சட்டத்தின் சொற்களையும் இப்படித்தான் தட்டிப் பார்க்க வேண்டும். வன்கொடுமை வழக்கை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும், “இயன்றவரை”. போக்சோ வழக்கை ஓராண்டில் முடிக்க வேண்டும், அங்கும் “இயன்றவரை”. புலனாய்வு “தேவையற்ற தாமதமின்றி” முடிய வேண்டும். எந்தத் தாமதம் தேவையானது, யாருக்குத் தேவையானது? நமக்கு விதிக்கப்படும் காலத்தில் இந்தச் சொற்கள் வருவதே இல்லை. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்றால் கடைசித் தேதிதான்.

அதே 2017இல், அதே செந்துறை வட்டம், குழுமூர். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தார். நீட் விலக்குக் கிடைக்கும் என்று அரசுகள் ஆகஸ்ட் வரை நம்பிக்கை தந்துகொண்டிருந்தன. ஆகஸ்ட் 22 அன்று அந்தக் கதவு மூடியது. செப்டம்பர் 1 அன்று அவர் இல்லை. இரண்டு மரணங்களையும் ஒன்றாக்கவில்லை நான், இரண்டும் வெவ்வேறு. ஆனால் ஒரே ஆண்டில் ஒரே வட்டத்தில் இரண்டு தலித் பெண் பிள்ளைகளுக்கு அரசின் காலம் எப்படி நடந்தது என்று பாருங்கள். மாணவிக்கு அது கெடு. தனக்கு வரும்போது அது வாய்தா.

கெடுவைக் காப்பாற்ற இந்த அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2012 டிசம்பர் தில்லிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழுவுக்கு முப்பது நாள் தரப்பட்டது. ஏராளமான கருத்துகளைப் பெற்று, இருபத்தொன்பது நாட்களில், 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை கொடுத்தார்கள். நாடு தெருவில் நின்றபோது அது முடிந்தது. யாரும் தெருவில் நிற்காதபோது என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவார ஊரில் அரசு ஊழியர்களே பதினெட்டுப் பெண்களை வன்புணர்ந்தார்கள். உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் வழக்கைக் கொடுக்கவே 1995 ஆனது. தீர்ப்பு 2011 செப்டம்பர் 29இல் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் அது உறுதியானது 2023 செப்டம்பர் 29இல். முப்பத்தோரு ஆண்டு. அந்தப் பெண்கள் வென்றார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிக்கூடம் போன வயதில் சிதைக்கப்பட்டவர்கள் நடுவயது கடந்து தீர்ப்பைக் கேட்டார்கள். இறந்துபோன ஐம்பத்து நான்கு பேரைக் காலமே விடுதலை செய்துவிட்டது.

இத்தனை தாமதத்தைப் பார்த்துக் களைத்துப்போய்த்தான், “அப்படியே சுட்டுத் தள்ளணும்” என்று நம் பெண்களும் சொல்கிறார்கள். 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத்தில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது காவலர்கள் மீது பூத் தூவியவர்களில் பெண்களும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்று 2022இல் சொன்னது. என் கோபமும் உங்கள் கோபமும் ஒன்றுதான். ஆனால் வேகமும் உரிய காலமும் ஒன்றில்லை. புகாரைப் பதியாமல் விட்ட அதிகாரமும் விசாரிக்காமல் சுடும் அதிகாரமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: எங்களை யாரும் கணக்குக் கேட்க முடியாது என்ற இடத்திலிருந்து. கைதானவரை 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்து என்ற விதி, நாளை நம் தம்பியைப் பிடித்துப்போகும்போது நமக்கு வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யாதே, விசாரணைக்கு அவளை நிலையத்துக்கு அழைக்காமல் அவள் இருக்கும் இடத்துக்குப் போ என்ற விதிகள் நமக்கே வேண்டும். தொண்ணூறு நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கொலை வழக்கிலும் பிணை கிடைத்துவிடும் என்பது வலிக்கிறதுதான். அதற்குப் பிணை கேட்டவரைத் திட்டிப் பயனில்லை. தொண்ணூறு நாள் என்ன செய்தீர்கள் என்று புலனாய்வு அதிகாரியைக் கேட்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டம் வந்திருக்கிறது. எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், தொண்ணூறு நாளுக்குள் விசாரணையின் நிலையைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பவை நல்லவை. ஆனால் மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு, பதியலாமா வேண்டாமா என்று பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்றும் அது சொல்கிறது. பெண்கள் கொண்டுவரும் புகார்களில் பல இந்த வரம்புக்குள் வருபவை. “பேசிப் பாருங்கம்மா” என்ற பழைய வாக்கியத்துக்கு இப்போது ஒரு பிரிவு எண் கிடைத்துவிடுமோ என்று பயப்படுகிறேன்.

என் திண்ணைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். போன நாளையும் நேரத்தையும், பார்த்தவரின் பதவியையும் அன்றே எழுதிவையுங்கள். பேருந்துச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். ரசீது வழக்கு அல்ல. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள், அது இலவசம். மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் போகலாம். முதல் நாள் வாசலிலிருந்து திருப்பி அனுப்பினார்கள் என்றால், அதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள். எட்டாவது கட்டத்தில் நம் தாமதத்தைக் கேட்கிறார்கள். அவர்களுடைய தாமதத்தையும் நாமே அங்கே எழுதிவிடுவோம்.

அரியலூர் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இப்போதும் நான் வயல் கிணறுகளை எண்ணிக்கொண்டு போகிறேன். பதினாறு நாட்கள். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் பேனாவை எடுத்திருக்கலாம்.